லாடம் அடிக்காத ஷூ

"ஏம்ப்பா, நான் என்ன சொன்னேன், நீ என்ன பண்ணி வெச்சிருக்க?"

ஷூவை மாட்டிக்கொண்டு நாலடி நடந்த தலைமை நர்ஸ், அதே வேகத்தில் திரும்பி வந்து நின்றார். ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

செருப்பு தைப்பவர் கத்தியைத் தண்ணீர் டப்பாவில் நனைத்தபடி நிமிர்ந்தார். ரப்பர் வெட்டும் கத்தி ஈரமாக இருந்தால்தான் பிசிறில்லாமல் ஓடும்.

"ஏம்மா, கடிக்குதா?"

"கடிக்கிறது இருக்கட்டும், சத்தத்தையே காணோமே! ஹீல் தேஞ்சுபோச்சு, புதுசு வெச்சு லாடம் அடின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்கம்மா."

"அப்புறம் இது என்ன?"

"நல்ல ரப்பர்ம்மா. அடிப்பாகத்துக்கும் ஹீலுக்கும் ஒரே ரப்பர்தான் போட்டிருக்கேன். மெத்துன்னு இருக்கும், வழுக்காது."

"உன்கிட்ட மெத்தையா கேட்டேன்? இரும்பைப் போடாம, மிச்சம் கிடந்த ரப்பரை என் தலையில கட்டிட்ட. திருட்டு வேலை!"

"இன்னிக்கு ஒரு நாள் போட்டுப் பாருங்கம்மா. பிடிக்கலைன்னா சாயங்காலம் லாடமே அடிச்சுத் தந்துடறேன்."

டியூட்டிக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது. "சாயங்காலம் லாடம் அடிக்காம இங்கேருந்து நகர மாட்டேன், பார்த்துக்கோ!" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இருபத்திரண்டு வருடமாக லாடம் அடித்த ஷூவில்தான் அவர் நடை. டக், டக், டக். படிக்கட்டில் அந்தச் சத்தம் கேட்டதுமே வார்டில் பேச்சு அடங்கும், போர்வைகள் மடியும், படுத்திருப்பவர்கள் எழுந்து உட்காருவார்கள். இருதய நோயாளிகள் வார்டு அப்படிக் கட்டுக்கோப்பாக இருப்பதில் அவருக்குத் தனிப் பெருமை.

இன்று அவர் உள்ளே நுழைந்தது யாருக்கும் தெரியவில்லை.

மூன்றாம் கட்டில் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக் காலாட்டிக்கொண்டிருந்தார். நான்கு நாளைக்கு முன்பே வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர். ஆனால் தினமும் காலையில் தலைமை நர்ஸ் அளக்கும்போது ரத்த அழுத்தம் எகிறிக் கிடக்கும். டாக்டர் மாத்திரையைக் கூட்டிவிட்டு, "இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம்" என்பார். நேற்றுகூடத் தலைமை நர்ஸ் வார்டே கேட்கும்படி திட்டியிருந்தார்: "உப்பைத் தொடாதேன்னா தொட்டுக்கிட்டே இருக்க! உன் வீட்டுக்காரர் பையில ஒளிச்சு என்னத்தைக் கொண்டுவந்து குடுக்கிறார்?"

இன்று கருவியைக் கையில் சுற்றிப் பார்த்தார். நூற்று முப்பது, எண்பது.

மறுபடி பார்த்தார். அதேதான்.

"இது கெட்டுப்போச்சு. வேற எடுத்துட்டு வா."

புதிதாகச் சேர்ந்த நர்ஸ் வேறொன்று கொண்டுவந்தாள். அதுவும் அதையேதான் காட்டியது.

"சிஸ்டர், கோவிச்சுக்க மாட்டீங்கன்னா ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லு."

"மத்தியானம் நான் எடுக்கும்போதெல்லாம் இவங்களுக்கு இவ்வளவுதான் இருக்கும். காலையில மட்டும்தான்... அது வந்து... உங்க ஷூ சத்தம் படிக்கட்டுல கேட்டதுமே இவங்களுக்குக் கை நடுங்க ஆரம்பிச்சுடும். இன்னிக்குச் சத்தமே கேக்கலையா..."

"அப்படின்னா மத்தியானக் கணக்கை ஏன் எழுதி வைக்கல?"

"எழுதினேன் சிஸ்டர். உனக்கு அளக்கத் தெரியலைன்னு நீங்கதான் அடிச்சுட்டீங்க."

தலைமை நர்ஸ் கட்டிலைப் பார்த்தார். அந்த அம்மா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, "நான் உப்பைத் தொடவே இல்லம்மா, சத்தியமா" என்றார்.

தலைமை நர்ஸுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

டாக்டர் வந்து பார்த்தார். "நாளைக் காலையிலயும் இப்படியே இருந்தா வீட்டுக்கு அனுப்பிடலாம்" என்றார்.

சாயங்காலம் செருப்பு தைப்பவர் இரண்டு லாடங்களையும் ஆணிகளையும் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"கழட்டுங்கம்மா, அடிச்சுடறேன்." சுத்தியலைக் கையில் எடுத்தார்.

"வேண்டாம். ரப்பரே இருக்கட்டும்."

அவர் நீளமாக மூச்சு விட்டார். லாடங்கள் ஆணி டப்பாவுக்குள் விழுந்தன.

"காலையில நாலு பேர் முன்னாடி உங்களைத் திருடன்கிற மாதிரி பேசிட்டேன். தப்புதான்."

"பரவாயில்லம்மா. நாளைக்கும் இதையே போட்டுக்கிட்டு வார்டுக்குப் போனீங்கன்னா அதுவே போதும்."

"ஏன், நாளைக்கு என்ன?"

"மூணாம் கட்டில்ல இருக்கிறவ மத்தியானம் போன் பண்ணினாம்மா. நாளைக்கும் சரியா இருந்தா வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாமே."

தலைமை நர்ஸ் திடுக்கிட்டார். "அவங்க உங்களுக்கு..."

"வீட்டுக்காரிம்மா. தினமும் சாயங்காலம் பார்க்க வர்றேனே, நீங்ககூட என் பையை வாங்கிப் பிரிச்சுப் பார்ப்பீங்க. உங்க ஷூ சத்தம்னாலே பயமா இருக்குன்னு அவ தினமும் சொல்லுவா; நேத்து நீங்க இந்த ஷூவைக் கொண்டுவந்து நீட்டினதுமே அந்தச் சத்தம் இதுதான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

பை ஞாபகம் இருந்தது. பச்சைப் பை, ஜிப் பழுதானது. அதைப் பிடித்திருந்தவர் முகம்தான் எவ்வளவு யோசித்தும் ஞாபகத்துக்கு வரவில்லை.

"காலையில நான் அவ்வளவு பேசினப்பவே இதைச் சொல்லியிருக்கலாமே?"

அவர் குனிந்து, சிதறிக் கிடந்த ரப்பர் துணுக்குகளை ஒன்றாகக் கூட்டினார்.

"சொன்னா வார்டுல போய் அவளைத் திட்டுவீங்களேம்மா. என்னைத் திட்டினதோட போகட்டும்னு இருந்துட்டேன்."