பழைய வாஷர்

இன்றைக்கு ஓர் ஆளின் மண்டையைப் பிளந்துவிடுவது என்று அசோகன் முடிவு செய்திருந்தான். கட்டிலில் தலையணைகளை நீளவாக்கில் அடுக்கி, போர்வையை இழுத்து மூடினான். தன்னைவிடத் தலையணை நன்றாகத் தூங்குவதுபோல் பட்டது. பெரிய ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒண்டினான்.

வெளியே திருவொற்றியூரின் மத்தியான வெயில். கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் அலமாரியில் தட்டுகள் கிடுகிடுத்தன. சிங்க்கில் குழாய் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தது. நேற்றுச் சாயங்காலம்தான், எப்போதும்போல மனைவி பக்கத்தில் நின்று பார்க்க, சரிசெய்திருந்தான். இது எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டான்.

அசோகன் மணலியில் ஒரு கம்பெனியில் பைப் ஃபிட்டராக இருந்தவன். யானைத் தும்பிக்கை கனமுள்ள பைப்பில் சீறும் நீராவியை நிறுத்தியவனுக்கு அரை இன்ச் குழாய் தண்ணி காட்டியது. கம்பெனி ஆட்களைக் குறைத்து வீட்டுக்கு அனுப்பியதிலிருந்து, கட்டிலில் படுத்துச் சுவரைப் பார்ப்பதுதான் அவன் உத்தியோகம். அதில் லீவே போட்டதில்லை.

மனைவி ரமாபாய் காலையிலேயே டிபன் பாக்ஸோடு கிளம்பிவிடுவாள். இரண்டு தெரு தள்ளித் துணி தைக்கிற கம்பெனி. திரும்பச் சாயங்காலம் ஆகும். அவள் மூடி வைத்துவிட்டுப் போகும் சோறு பாதி நாள் மூடியபடியே இருக்கும்.

அப்படி ஒரு மத்தியானம் தூங்கி விழித்தபோதுதான் குழாய் ஒழுக ஆரம்பித்திருந்தது. டொக், டொக் என்று எவர்சில்வர் சிங்க்கில் விழுந்த சொட்டு நேராக மூளையில் விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தான். கேட் வால்வை மூடிவிட்டுக் குழாயைக் கழற்றினால், உள்ளே ரப்பர் வாஷர் தேய்ந்து ஓரம் வெட்டுப்பட்டிருந்தது.

சட்டையை மாட்டிக்கொண்டு சௌக்கத் அலியின் ஹார்டுவேர் கடைக்கு நடந்தான். வழியில் ஒரு டீ குடித்தான். புது வாஷரைப் போட்டு, பழையதைக் குப்பைக் கூடையில் எறிந்துவிட்டு, கையோடு மூடியிருந்த சோற்றையும் சாப்பிட்டான்.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் டொக், டொக். கழற்றிப் பார்த்தான். அவன் போட்ட புது வாஷர் உள்ளே இல்லை. குப்பையில் எறிந்த பழைய வாஷர் இருந்தது, ஓரத்தில் அதே வெட்டோடு.

மேல் நட்டில் ஒரு கீறல் இல்லை. ஸ்பேனர் பல் படாமல் துணி சுற்றித் திருகியிருந்தார்கள். அசோகன் செய்வதும் அப்படித்தான். தொழில் தெரிந்த ஒரு கை, அவன் தூங்கும்போது, அவன் தலைக்குப் பத்தடி தள்ளி நின்று நிதானமாக வேலை பார்த்திருக்கிறது.

அதற்கப்புறம்தான் மற்றவை கண்ணில் பட்டன. துணி காயப்போடும் நைலான் கயிறு காணோம். வாசல் கதவின் உள்தாழ்ப்பாள் ஸ்குருவோடு காணோம். மிக்ஸி இருந்தது, டிவி இருந்தது. உள்ளே வர வழி, கட்டிப்போடக் கயிறு. எவனோ ஒவ்வொன்றாகத் தயார் செய்துகொண்டிருக்கிறான்.

ரமாபாயிடம் சொன்னால் அவள் அசரவே இல்லை. கயிற்றைப் பெருச்சாளி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்றாள். தாழ்ப்பாள் என்னவாயிற்று என்றதற்குக் கொஞ்சம் யோசித்து, அதுவும் பெருச்சாளிதான் என்றாள்.

சௌக்கத் அலியும் முதலில் கிண்டல்தான் செய்தான்.

“இன்னா மாமு, வாஷரை வறுத்துத் துன்றியா?”

அசோகனே சிரித்துவிட்டான். முழுக் கதையையும் கேட்ட பிறகு சௌக்கத் அலி சிரிக்கவில்லை. கடையில் வேறு ஆள் இல்லையென்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

“எவனோ நோட்டம் வுட்டுகினு கீறான் தோஸ்து. நீ தூங்கற நேரம் அவனுக்குத் தெரிஞ்சிருக்குது. உஷாரா இரு.”

அந்த உஷார்தான் இப்போது கதவுக்குப் பின்னால் வியர்த்துக்கொண்டிருந்தது. ஸ்பேனர் கையில் வழுக்கியது. எங்கேயாவது தும்மிவிடுவோமோ என்று வேறு பயம்.

வாசல் கதவு முனகியது.

கதவிடுக்கில் நிழல் மட்டும் தெரிந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அடிமேல் அடி வைத்து வந்தது. சமையலறைக்கு வரும் என்று பார்த்தால் வரவில்லை. நேராகக் கட்டிலுக்குப் போனது.

குனிந்தது. தூங்குகிறவனின் மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு விரலை நீட்டியது. நீட்டிய விரல் அப்படியே நின்றது. மறு கணம் போர்வையைப் பிடுங்கி எறிந்தது.

தொம்மென்று ஒரு பை தரையில் விழுந்தது. டிபன் பாக்ஸ் உருண்டது. அதன் பின்னாலேயே உள்தாழ்ப்பாள், அதன் ஸ்குருக்கள், சுருட்டிக் கட்டிய நைலான் கயிறு, ஓரம் வெட்டுப்பட்ட ஒரு வாஷர்.

ஓங்கிய ஸ்பேனரோடு பாய்ந்த அசோகன் பாதியில் நின்றான்.

ரமாபாய் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் ஸ்பேனரைப் பார்க்கவில்லை. அவன் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீயா? நல்லாக் கீற குழாயை எதுக்கும்மே ஒழுகவுட்ட?”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அதுக்கு மட்டுந்தானேய்யா நீ எழுந்துக்கற.”