இருபத்து மூன்று கிலோ

பெட்டியை எடைமெஷின்மேல் வைத்தால் அது முள்ளையே மறைத்துவிட்டது. அதனால் தமயந்தி பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தானும் மெஷினில் ஏறினாள். மறுநாள் டப்ளினுக்குப் படிக்கப் போகும் மகள் இளவேனில் குனிந்து பார்த்தாள். எண்பத்தைந்து.

"உன் எடை எவ்வளவும்மா?"

"அறுபத்திரண்டு. போன வருஷம் உன் படிப்பு லோனுக்காக பேங்க்ல என்னை இன்ஷூரன்ஸ் எடுக்கச் சொன்னாங்களே, அப்பப் பார்த்தது."

கழித்தால் மிச்சம் இருபத்து மூன்று. விமானத்தில் விடுவதும் அவ்வளவுதான். ஊறுகாய் பாட்டிலைக்கூட வெளியே எடுத்துவைக்க வேண்டியிருக்கவில்லை.

விமான நிலையத்தில் கவுன்ட்டர் பெண், "இருபத்தொன்பது இருக்கு மேடம், ஆறு கிலோ எடுத்துடுங்க" என்றாள். வீட்டில் சரியாக இருந்ததே என்று இளவேனில் சண்டைக்குப் போனாள். பக்கத்துக் கவுன்ட்டரில் வைத்துப் பார்த்தார்கள். அங்கேயும் இருபத்தொன்பது.

ஊறுகாயை எடுத்துவிடலாம் என்று பெட்டியின் ஜிப்பில் கை வைத்த இளவேனில், அப்படியே நின்று கணக்குப் போட்டாள். எண்பத்தைந்தில் இருபத்தொன்பது போனால் ஐம்பத்தாறு.

கண்ணாடிக்கு வெளியே நின்ற அம்மா, எடை சரியாக இருக்கிறதா என்று கையை ஆட்டிக் கேட்டாள்.

இளவேனில் சரியாக இருக்கிறது என்று தலையாட்டினாள்.