புனிதரின் கடைவாய்ப் பல்

முந்நூறு வருஷத்துக்கு முன்னால் இறந்துபோன புனிதரின் கடைவாய்ப் பல்லில், வெள்ளை சிமெண்ட் அடைத்திருந்தது.

பல் டாக்டர் லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். சிமெண்ட்தான். அதன் ஓரத்தில் கொக்கி மாதிரி ஒரு கீறல் வேறு. தொழிலுக்கு வந்த புதிதில் கை வழுக்கி, அவருடைய ட்ரில் இழுத்துவிட்ட கீறல். தன் கைவேலை தனக்குத் தெரியாதா?

காலையில்தான் கோயிலுக்குப் புதிதாக வந்திருந்த ஃபாதர் புனிதரின் பல் இருந்த வெள்ளிப் பேழையைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். பல்லைப் பிடித்திருந்த கம்பி தளர்ந்துவிட்டதாம். இவ்வளவு சின்ன வேலைக்கு உங்களிடம்தான் கருவி இருக்கும் என்று சிரித்துவிட்டுப் போயிருந்தார்.

டாக்டர் பழைய நோயாளிகளின் அட்டைகளைப் புரட்டினார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பிடுங்கிய பல். ஆள், கோயிலைக் கூட்டித் துடைத்து, பீடத்துக்குப் பூ வைக்கிற பூவக்கா. பிடுங்கிய பல்லை அவள் காகிதத்தில் மடித்து வாங்கிப்போனதும், தான் அதைச் சொல்லிச் சிரித்ததும்கூட ஞாபகம் வந்தது.

அவருக்கு ரத்தம் கொதித்தது. அவருக்குப் பக்தி கொஞ்சம் கம்மி. ஆனால் அவர் மனைவி அப்படியில்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷம் குழந்தையில்லாமல் ஏங்கி, இந்தப் பேழைக்கு முன்னால் போய் வாரா வாரம் முழங்கால் போட்டவள். அடுத்த வருஷமே மகள் பிறந்தாள். மகளுக்கு இப்போது பத்து வயசு. அவள் புனிதர் கொடுத்த பிள்ளை என்றுதான் வீட்டில் இன்றைக்கும் பேச்சு.

கடைசியில் எல்லாம் பூவக்காவின் சொத்தைப் பல்லா?

மத்தியானம் கிளினிக்கைப் பூட்டிவிட்டுப் பேழையோடு கோயிலுக்கு நடந்தார். பூவக்கா குவளைகளுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தாள். பேழையையும் அவர் முகத்தையும் பார்த்தவள், அவர் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டாள்.

"என்னுதுதான் டாக்டர்."

பேழையைக் கழுவும்போது புனிதரின் பல் தொட்டிக் குழாய்க்குள் போய்விட்டதாம். குழாயைக் கழற்றிப் பார்த்தும் கிடைக்கவில்லையாம். பயத்தில் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஜனம் வரிசையில் நிற்கும். அந்த வாரம்தான் அவளுக்குப் பல் பிடுங்கியது.

"தப்புதான். அந்த நேரத்துக்கு வேற வழி தோணல" என்றாள்.

"எத்தனை பேர் நம்பி வந்து முத்தம் கொடுத்திருக்காங்க, தெரியுமாக்கா?"

பூவக்கா துடைப்பம் வைக்கிற அலமாரியைத் திறந்து ஒரு கட்டு நோட்டுப் புத்தகங்களை எடுத்துவந்தாள். பன்னிரண்டு வருஷமாக அங்கே வந்து நின்றவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். யாருக்கு என்ன வேண்டுதல் என்று கோணல்மாணல் எழுத்தில் ஒவ்வொன்றாக எழுதியிருந்தது. தினமும் விடிவதற்கு முன் எழுந்து அத்தனையையும் வாசித்து ஜெபம் பண்ணுகிறாளாம். படுத்த படுக்கையாக இருப்பவர்கள் வீட்டுக்கு நேரிலேயே போய் ஒத்தாசையும் செய்கிறாளாம்.

"பல்லு என்னுதாச்சே டாக்டர். அப்ப அதுகிட்ட கேக்குறவங்களுக்காக மன்றாட வேண்டியதும் நான்தானே?"

ஒரு பக்கத்தில், 'பல் டாக்டர் வீட்டம்மா, ஒரு பிள்ளை' என்று இருந்தது. அதற்குக் கீழே ஒரு நாள் விடாமல் பதினோரு மாதத்துக்குக் கோடு போட்டிருந்தது. கடைசியில், 'பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.'

டாக்டர் நோட்டை மூடினார். வாய்கிழியத் திட்ட வந்தவர், அதை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"என் வீட்டுக்காரிக்கு மட்டும் இது தெரியவே வேண்டாம்க்கா. தாங்க மாட்டா."

பூவக்கா ஏதோ சொல்ல வந்தாள். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு அவர் கிளினிக்குக்குத் திரும்பினார். கம்பியைப் புதிதாக முறுக்கி, பல்லை அசையாமல் உட்காரவைத்தார். பேழையை வாங்க வந்த ஃபாதர், பல் எப்படி இருக்கிறது என்று கவலையோடு கேட்டார்.

"நல்ல பல்லு ஃபாதர். இன்னும் நூறு வருஷம் தாங்கும்" என்றார் டாக்டர். அதில் பொய் எதுவும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

சாயங்காலம் மனைவி மகளின் பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பேச்சோடு பேச்சாக, பேழை கிளினிக்குக்கு வந்துபோனதைச் சொன்னார். இஸ்திரிப் பெட்டி நின்றது.

"பல்லைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"நீங்க அடைச்ச சிமெண்ட் இன்னும் இருக்கா?"

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் முதல் தடவை முழங்கால் போட்ட அன்னிக்கே பூவக்கா பக்கத்துல வந்து உட்கார்ந்து சொல்லிட்டாங்க. 'இது புனிதர் பல்லு இல்லம்மா, என்னுது, ஏமாந்துடாதே'ன்னு. என்கிட்ட மட்டுமா? அங்க வர்ற ஒவ்வொருத்தர் காதுலயும் சொல்லிடுவாங்க. தெரியாதது உங்களுக்கும் புது ஃபாதருக்கும்தான்."

"தெரிஞ்சுமா எல்லாரும் வரிசையில நின்னு முத்தம் கொடுக்கறீங்க?"

மனைவி சீருடையைத் திருப்பிப் போட்டாள்.

"புனிதரை நாங்க யாருங்க பார்த்தோம்? இது, இவ்வளவு உண்மை பேசுற வாயில இருந்த பல்லாச்சே!"