மாரப்பனின் கையெழுத்து

பேனா தாளைத் தொட்டதும் கை தானாக ஓடிவிட்டது.

தாளைத் தூக்கிப் பார்த்தாள்.

அவள் பெயருக்கு நேராக அவள் கணவன் மாரப்பனின் கையெழுத்து. ஒரு குறையும் சொல்ல முடியாது. பெரிய ‘மா’. அதன் மேல் ஏறும் ஒரு கோடு. கடைசியில் எருமை வால்போல் நீண்டு ஒரு சுழி.

மாரப்பன் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான்.

எதிரே ஆடிட்டர். பதினோரு வருடங்களாக அதே கையெழுத்தை வாங்கி வாங்கி ஃபைலில் வைத்தவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

அவளுக்குக் காதெல்லாம் சுட்டது.

மாரப்பனுக்கு லாரி. நாமக்கல்லில் முட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பினால் திரும்ப இருபது நாளாகும். வீடு அவன் பேரில். வீட்டுக்குப் பின்னால் அவள் நடத்தும், முட்டைக்கு அட்டைப் பெட்டி ஒட்டும் பட்டறையும் அவன் பேரில்தான். காகிதம் வந்தால் போனில் ஒரே பதில்.

“நீயே போட்டுரு புள்ள.”

காலண்டர் தாளின் பின்பக்கம் பழகினாள். போட்டாள்.

பட்டறை நொடித்தால் கடன் கொடுத்தவர்கள் வீட்டையும் சேர்த்து எடுத்துக்கொள்வார்கள். அடுத்த தெருவில் ஒரு வீட்டை ஜப்தி செய்து பூட்டின் மேல் அரக்கு வைத்ததை நின்று பார்த்தவள் அவள். சாரலில் அட்டை நனைந்தால் வேலைக்கு வரும் பெண்கள் அட்டையைப் பார்ப்பார்கள். அவள் வீட்டுக் கதவைப் பார்ப்பாள்.

சிக்கினால் சிக்குவது அவன். சிக்க வைப்பது அவள் கை. அவனிடம் இதைச் சொன்னதே இல்லை.

நேற்று அவன் லாரி வேலையை விட்டுவிட்டு வந்தான். அவள் அவனை உட்காரக்கூட விடவில்லை. இங்கே அழைத்து வந்துவிட்டாள்.

பட்டறை இனி பிரைவேட் லிமிடெட் கம்பெனி. இரண்டு பேரும் டைரக்டர்கள். பசை வாளியோடு திரிகிறவளுக்கு டைரக்டர் என்று பேர்.

சற்றுமுன் ஆடிட்டர் சொன்னதை அவள் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

“தொழில் படுத்தா கம்பெனியோட போச்சுங்கம்மா. நீங்களா வீட்டை ஈடு எழுதிக் குடுத்தாத்தான் வீட்டுக்கு வருவாங்க. குடுக்காதீங்க.”

அப்பாடா என்றிருந்தது. எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்க வேண்டும் போலிருந்தது. அந்த நிம்மதியில்தான் கை பழைய வேலையைச் செய்துவிட்டது.

“வேற தாள் எடுத்தாரேன்,” என்றார் ஆடிட்டர். வேறெதுவும் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

புதுத் தாள் வந்தது.

இந்த முறை நிதானமாக எழுதினாள். சிந்தாமணி. அவளுக்கென்று கையெழுத்து ஒன்று இருந்ததில்லை. பள்ளிக்கூட நோட்டில் எழுதுவதுபோல் முழுப்பெயரையும் எழுதி வைத்தாள்.

ஆடிட்டர் தாளை மாரப்பன் பக்கம் நகர்த்தினார்.

“பேங்க்ல இருக்கற மாதிரியே போட்டுருங்க.”

மாரப்பன் பேனாவைப் பிடித்தான். வைத்தான். மறுபடி பிடித்தான்.

இத்தனை வருடமாக லோடு சீட்டில் கிறுக்கியதோடு சரி. பேங்கில் இருப்பது அவன் போட்டதில்லை.

கெட்டுப்போன தாள் மேசை ஓரத்தில் கிடந்தது. அதை மெல்ல இழுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டான். பார்த்துப் பார்த்து எழுத ஆரம்பித்தான்.

ஆடிட்டருக்கு ஜன்னலுக்கு வெளியே திடீரென்று ஏதோ முக்கியமானது தென்பட்டது. அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் குனிந்து பார்த்தாள். ‘மா’ சரி. கோடும் சரி.

பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமலே அவன் தணிந்த குரலில் கேட்டான்.

“இத்தன நாளா பயமா இல்லையா புள்ள?”

“இருந்துச்சுங்க,” என்றாள். “வாலை இன்னுங் கொஞ்சம் இழுங்க.”

இழுத்தான்.