ஜன்னல் பக்கம் திரும்பிய நாற்காலி

"உங்கண்ணன் இன்னைக்கும் வந்துட்டுப் போயிருக்கான் பாரு. நாற்காலி ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கு."

ஏதோ தபால்காரர் வந்துவிட்டுப் போனதைச் சொல்வதுபோல மாமியார் இதைச் சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டு, குளிக்கப் போய்விட்டாள். அப்போதுதான் ரயிலிலிருந்து வந்து, பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் நின்ற மகளுக்கு முகம் வெளுத்துப்போயிற்று. பின்னே? அந்த அண்ணன் செத்து வருஷம் ஆகப்போகிறது.

செத்தவனின் மனைவி, இந்த வீட்டு மருமகள், சமையலறை வாசலில் காபியோடு நின்றிருந்தாள்.

அவளுக்கு சினிமாவில் கன்டினியூட்டி வேலை. ஒரு ஷாட்டில் இடது கையில் இருந்த குடை, அடுத்த ஷாட்டில் வலது கைக்குத் தாவிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பாள். அப்பேர்ப்பட்டவளை இப்போது ஒரு பேய்ப்படத்தில் தலைகீழாக வேலை வாங்குகிறார்கள். படத்தில் மகளைப் பறிகொடுத்த ஒரு தாய். அவள் வீட்டில் சாமான்கள் தானாக நகர்கின்றன. மகள்தான் வருகிறாளா, தாய்க்குத்தான் மூளை பிசகிவிட்டதா என்று பார்க்கிறவர்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். அதனால் ஷாட்டுக்கு ஷாட் விளக்கையும் சுவரில் மாட்டிய படத்தையும் துளித்துளி நகர்த்தி வைப்பது அவள் பொறுப்பு. தப்பை இவ்வளவு சுத்தமாகச் செய்ய இன்னொரு ஆள் கிடையாது என்று டைரக்டருக்கு ஒரே பூரிப்பு.

நாத்தனார் பெட்டியை வைத்துவிட்டு, வந்த விஷயத்தைப் போட்டு உடைத்தாள். போனில் அம்மா பேசுவதைக் கேட்டபோதே சந்தேகம் வந்ததாம். தன் ஊரில் மனநல டாக்டர் ஒருவரிடம் பேசியும் வைத்துவிட்டாளாம். சாயங்கால ரயிலிலேயே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறாளாம், இனி அங்கேதானாம்.

மருமகளுக்கோ அப்பா அம்மா இல்லை, கூடப் பிறந்தவர்கள் இல்லை. புருஷனும் போனபிறகு 'வந்துட்டியாம்மா' என்று கேட்க உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே ஜீவன் மாமியார்தான். அவளும் போய்விட்டால் இந்த வீட்டில் சுவரோடுதான் பேச வேண்டும்.

"முதல்ல இந்த நாற்காலியைத் தூக்கிப் பரண்ல போடணும்" என்று நாத்தனார் அதை இழுத்தாள். இழுத்தவள் குனிந்தாள். தரையில் நாற்காலியின் நான்கு கால்களுக்கும் அடையாளமாக வெள்ளை டேப் ஒட்டியிருந்தது.

"அண்ணி, பேய்க்கு எதுக்கு டேப்?"

தொழில் புத்தி காட்டிக்கொடுத்துவிட்டது. படப்பிடிப்பில் எதை நகர்த்தினாலும், பழைய இடத்துக்கே திரும்ப வைக்க டேப் ஒட்டிவிட்டுத்தான் நகர்த்துவார்கள். கைப்பழக்கம், வீட்டிலும் ஒட்டியிருக்கிறாள்.

இனி மழுப்பிப் பயனில்லை என்று மருமகள் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் போனபிறகு அத்தை பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை, பித்துப் பிடித்ததுபோல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் காலையில், பெருக்கும்போது இடறியதோ என்னவோ, நாற்காலி அவர் எப்போதும் போட்டு உட்காருகிற மாதிரி ஜன்னல் பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. 'வந்துட்டுப் போயிருக்கான்' என்று அத்தைக்கு முகமெல்லாம் மலர்ந்தது. அன்றைக்குத்தான் உட்கார்ந்து நாலு வாய் சாப்பிட்டார்கள்.

"அதுக்கப்புறம் தினம் நான்தான் திருப்பி வைக்கிறேன். பொய்தான். ஆனா அவங்க சாப்பிடறாங்களே."

நாத்தனாருக்குக் கோபம் தலைக்கேறியது. "எங்கம்மாவைப் பைத்தியமாக்கி வெச்சிருக்கீங்க. உங்க படத்துக்கு ஒத்திகை பாக்க வேற ஆள் கிடைக்கலையா?"

குளித்துவிட்டு அறைக்குள் போன அம்மாவின் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினாள். சரியாகச் சாத்தவில்லை. மருமகள் ஆறிப்போன காபியோடு வெளியே நின்றாள். உண்மை தெரிந்தால் அத்தை தன் முகத்தில் விழிப்பார்களா என்று நினைக்க நினைக்கக் கண் கலங்கியது.

உள்ளே நாத்தனார் டேப், டாக்டர், சாயங்கால ரயில் என்று எல்லாவற்றையும் படபடவென்று சொல்லி முடித்தாள். மாமியாரின் குரல் நிதானமாக வந்தது.

"தெரியும்டி. தினம் அந்த இடத்தைத் துடைக்கிறவ நான். டேப் ஒட்டிட்டு வேலை பாக்கற பேயும் உண்டா?"

"தெரிஞ்சுமாம்மா சும்மா இருக்கே?"

"மெதுவாப் பேசு, அவ காதுல விழுந்துடப் போகுது. உங்கண்ணன் போனப்புறம் அவ பச்சைத் தண்ணி குடிக்கல. சுவத்தையே பாத்துட்டு உக்காந்திருந்தா. பயந்துபோய் ஒருநாள் நான்தான் நாற்காலியைத் திருப்பி வெச்சு, வந்துட்டுப் போயிருக்கான்னு சொன்னேன். அன்னைக்குத்தான் என்கூட உக்காந்து சாப்பிட்டா. மறுநாள்லேர்ந்து அவளே திருப்பி வெச்சுட்டு, நான் என்ன சொல்லப்போறேன்னு என் வாயையே பாத்துட்டு நிக்கறா. வந்தான்னு சொன்னாத்தான் வேலைக்குக் கிளம்பறா. பாவம், அவளுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு. அவளை இப்படியே விட்டுட்டு நான் எப்படி உன்கூட வர்றது?"

பிறகு மாமியார் குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டாள்.

"அந்த டாக்டர்கிட்ட அவளைக் கூட்டிட்டுப் போ. உங்கண்ணன் வந்து சொல்லிட்டுப் போனான்னு நான் சொல்லிக்கறேன். அவன் பேச்சை அவ தட்டமாட்டா."