முன்பல்லின் வெள்ளைப் புள்ளி

அறையில் மூன்று பேர். சாய்த்துவிட்ட கதிரையில் லதீஸ். முன்பற்கள் மட்டும் வெளியே தெரிய, வாயை ஒரு பச்சை ரப்பர் விரிப்பு மூடியிருந்தது. அவன் தலைமாட்டில், சில்லு வைத்த கதிரையில் பல் டொக்டர் நிரஞ்சினி. யன்னலோரம், அவனுடைய ஜக்கெற்றை மடித்து மடியில் வைத்தபடி நேசமலர். ஜக்கெற்றின் மேல் இன்னும் ஒட்டாத ஒரு கடித உறை. அதன் மூலைகள் நைந்திருந்தன.

கடல்கடந்து வந்து குடியேறிய பெண்டில்ஹில்லில் அன்று நல்ல குளிர். ஆனாலும் நேசமலருக்கு வியர்த்தது.

“ஏன் அன்ரி பயப்பிடுறியள்? ஊசியும் இல்லை, துளைக்கிறதும் இல்லை,” என்றாள் நிரஞ்சினி. “ஜெல் பூசிக் கழுவியாச்சு. இனிப் பல்லில இருக்கிற வெள்ளைப் புள்ளிக்குள்ள ரெசின் பசையை ஊறவிட்டு, நீல லைற் அடிச்சா இறுகிடும். பொம்பிளை வீட்டார் பூதக்கண்ணாடி வைச்சுப் பாத்தாலும் பிடிக்க மாட்டினம்!”

லதீஸின் தோள்கள் சிரிப்பில் குலுங்கின. நேசமலர் சிரிக்கவில்லை.

“காலமை தேத்தண்ணி குடுக்கேக்க அந்தப் புள்ளியைத்தான் பாக்கிறன், டொக்டர். இரவு நித்திரை இல்லை. எப்பிடியாவது எடுத்துவிடுங்கோ.”

“அம்மாமார் எல்லாரும் இப்பிடித்தான். பால்பல்லில அடிபட்டாலும் பிறகு முளைக்கிற பல்லில இது வரும். காய்ச்சலாலயும் வரும். இவருக்கு எதால?”

“மூண்டு வயசில கிணத்துக்கட்டில முகம் குப்புற விழுந்தவன். வாயெல்லாம் ரத்தம். நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினனான்.”

லதீஸ் கண்களை அகல விரித்தான். தலையை இடமும் வலமும் ஆட்டினான். ரப்பருக்குள்ளிருந்து “ம்ம்… ம்ம்…” என்று சத்தம் வந்தது.

“நோகுதோ தம்பி? கொஞ்சம் ஆடாமல் இரும்,” என்று பதறினாள் நிரஞ்சினி.

பிறகு ஸ்பிரிட் மாதிரி ஏதோ ஒன்றைப் பல்லில் ஒரு துளி விட்டாள். புள்ளி மறைந்தது. “பாருங்கோ அன்ரி, முடிவில இப்பிடித்தான் இருக்கும்.”

நேசமலர் எழுந்துவந்து குனிந்து பார்த்தாள். துளி காய்ந்ததும் புள்ளி பழையபடி வெள்ளையாகத் தெரிந்தது. அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

“என்ன அன்ரி, போகாட்டிலும் பரவாயில்லை எண்ட மாதிரி நிக்கிறியள்? ரெசின் ஊறினாப் பிறகு இதைத் திருப்பிக் கொண்டுவர ஏலாது. தம்பி, உமக்கு ஓமோ?”

லதீஸ் கட்டைவிரலை உயர்த்தினான். நேசமலர் கண்ணை மூடிக்கொண்டாள்.

“செய்யுங்கோ.”

வெளியே வந்ததும் லதீஸ் நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்தான். தெருமுனையில் சிவப்புத் தபால் பெட்டியடியில் நேசமலர் நின்றுவிட்டாள்.

“அன்ரி, நான் எந்தக் கிணத்தில விழுந்தனான்? இது நெருப்புக்காய்ச்சலால வந்ததெண்டு அம்மா நேற்றும் போனில சொன்னவ. நான் உங்கட வீட்டு அறைக்கு வாடகைக்கு வந்தே ஒரு வருசம் ஆகேல்லையே!”

“எங்க, சிரி பாப்பம்.”

சிரித்தான். பற்கள் ஒரே நிறமாக இருந்தன. யாரோ புது ஆளைப் பார்ப்பதுபோல அவள் அவனை வெகுநேரம் பார்த்தாள். பிறகு உறையின் ஓரத்தை நாக்கில் நனைத்து, பெருவிரலால் அழுத்தி ஒட்டிப் பெட்டிக்குள் போட்டாள்.

“விழுந்தது காணாமல்போன என்ர மகன். அவன்ர முன்பல்லிலயும் இதே புள்ளி. நீ சிரிக்கேக்கையெல்லாம் அவன் வந்திட்டான் எண்டு நினைச்சு, அவனைத் தேடச் சொல்லி எழுதின கடிதத்தை ஒட்டாமலே வைச்சிருந்திட்டன், தம்பி.”