வாய்க்காலில் ஒரு கராச்

காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தான் சுகந்தன். மூக்கு நுனியில் கிறீஸ், வாயில் ஸ்பனர், முகத்தில் கல்யாணக் களை.

கராச் என்றால் குழி இருக்கும். உயிலங்குளத்தில் அவன் வீட்டு முற்றத்தோரம் சீமெந்து வாய்க்கால் இருந்தது. தண்ணீர் இல்லாத வாய்க்கால். இரண்டு கரையிலும் இரண்டிரண்டு சில்லாக அந்தச் சின்னக் காரை ஏற்றி நிறுத்திவிட்டு, முதுகு நோகாமல் இருக்க வைக்கோல் அடைத்த உரப்பை ஒன்றையும் போட்டுக்கொண்டு, காலை ஏழு மணிக்கே உள்ளே இறங்கிவிட்டான். கொழும்பில் எந்த மெக்கானிக்குக்கும் இந்த மூளை வராது என்று ஒரு பெருமை வேறு.

மாற்றிக்கொண்டிருந்தது சைலன்சர். கழற்றிப் போட்டது சத்தம் போடாதது. வாங்கியது சத்தம் போடுவதற்கென்றே செய்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு மாடு.

போன மாதம் மனைவி வீட்டாரை ஏற்றிக்கொண்டு நானாட்டானுக்குப் போனபோது அது நடுவீதியில் படுத்திருந்தது. ஹோர்னுக்கும் அசையவில்லை, லைற்றுக்கும் அசையவில்லை. உழவு இயந்திரம் வந்தால் மரியாதையாக எழும்பி வழிவிடுகிற அதே மாடு. கடைசியில் சுகந்தன் இறங்கித் தள்ளினான். அதை மச்சான் பார்த்தீபன் பின் சீற்றில் இருந்தபடி வீடியோ எடுத்தான். அந்த வீடியோ சொந்தக்காரரின் போன்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அன்றிலிருந்து சுகந்தனுக்குச் சோறு இறங்கவில்லை. வவுனியாவில் சொல்லிவைத்த சைலன்சர் திங்கட்கிழமை பஸ்ஸில் வரும் என்றார்கள். ஒரு நாள் பிந்தித்தான் வந்தது. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒரு நாளை அவன் நாளாகவே எண்ணவில்லை.

மனைவி சிவதர்சினிக்கு வேறு கவலை. பத்து நாளாக மழை இல்லை. வயலில் பயிர் நுனி கருகி நிற்கிறது. நாலு வருடமாக ஊரெல்லாம் பாய்ச்சி முடிந்த பிறகுதான் அவர்கள் வயலுக்குத் தண்ணீர் வந்தது. இந்தப் போகம் சீட்டுக் குலுக்கியதில், குளத்தின் முதல் தண்ணீர் அவர்களுக்கு விழுந்திருந்தது. அந்தச் சந்தோசத்தில்தான் அவள் புருசனைத் திட்டாமல், கார் சீற்றில் ஏறியிருந்து, அவன் சொல்லும்போது அக்சிலேற்றரை மிதிக்கச் சம்மதித்தாள்.

"இஞ்சேருங்கோ, தண்ணி விடக் குளத்துத் துருசு எப்ப திறக்கினம்?"

"புதன்கிழமை. நாளைக்குத்தான். உது எனக்குத் தெரியாதே? நீ மிதி."

குழாயின் வாலை மேலே தூக்கிக் கட்டும் இறப்பர் வளையத்தை அவன் இன்னும் மாட்டவில்லை. அது வாய்க்காலுக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. அதை மாட்டும்வரை பொறுக்க முடியவில்லை. சத்தத்தைக் கேட்க வேண்டும்.

மிதித்தாள்.

கோழிகள் வேலி பாய்ந்தன. குசினிக்குள் ஏதோ மூடி விழுந்து உருண்டது. வீதியோரம் படுத்திருந்த மூன்று மாடுகள் எழும்பி நின்றன. சில்லுக்குப் பக்கத்தால் எட்டிப் பார்த்து அதைக் கண்டபோது சுகந்தனுக்குக் கண் கலங்கிவிட்டது. அடியில் இருந்து இரண்டு தட்டுத் தட்டினான். இரண்டு தட்டு என்றால் இன்னும் மிதி.

மாரிமுத்துவின் ஓட்டோ ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு வீதியால் வந்தது. ஏதோ அறிவித்தல். கார் கத்திய கத்தலில் ஒரு சொல் காதில் விழவில்லை. மாரிமுத்து ஓட்டோவை மெதுவாக்கி, வாய்க்காலைக் காட்டிக் காட்டிக் கையை ஆட்டினான். சைலன்சரைப் பாராட்டுகிறான் என்று நினைத்து, கை இரண்டிலும் கிறீஸ் என்பதால், சுகந்தன் காலை ஆட்டினான்.

கொஞ்ச நேரத்தில் அந்தக் கால் குளிர்ந்தது.

சிவதர்சினிதான் பொறுமை இழந்து வாளியால் ஊற்றுகிறாள் என்று முதலில் நினைத்தான். அவள் காருக்குள் இருப்பது ஞாபகம் வந்தபோது தண்ணீர் இடுப்பை எட்டியிருந்தது. ஊர்ந்து, நெளிந்து, நெற்றியை எதிலோ இடித்துக்கொண்டு அவன் வெளியே வந்து விழுவதற்குள், வைக்கோல் உரப்பை மிதந்து போய், வீதிக்குக் கீழே இருந்த மதகின் வாயில் இறுகிக்கொண்டது. அளந்து தைத்ததுபோல இருந்தது.

வயலுக்குப் போக வேண்டிய தண்ணீர் நின்று யோசித்தது. பிறகு கரை தாண்டி முற்றத்துக்குள் வந்தது. சிவதர்சினி கழற்றிவைத்திருந்த செருப்பு மிதந்து கிணற்றடிப் பக்கம் போனது. புதுச் சைலன்சர் தண்ணீருக்குள் இரண்டு தரம் கொப்பளித்துவிட்டு ஓய்ந்தது.

ஊர் அமைதியாகியது. மாடுகள் மறுபடியும் படுத்தன.

சுகந்தன் ஓடிப்போய் உரப்பையை இழுத்தான். அது வரவில்லை. அழுகைதான் வந்தது. அப்போதுதான் மாரிமுத்துவின் ஓட்டோ திரும்பி வந்தது. இந்த முறை ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

"கமக்காரர்களின் கவனத்துக்கு. இன்று புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குத் துருசு திறக்கப்படும். வாய்க்காலில் எதையாவது போட்டுத் தண்ணீரை மறிப்பவரின் வயலுக்குக் கடைசித் தண்ணீரே வழங்கப்படும். இதில் ஆள் பார்க்கப்பட மாட்டாது. இப்படிக்கு, செயலாளர், கமக்காரர் அமைப்பு."

ஆள் பார்க்கப்பட மாட்டாது என்ற இடத்தில் குரல் கொஞ்சம் நின்று, அழுத்திச் சொன்னது.

மாரிமுத்து ஓட்டோவை நிறுத்தினான். மதகைப் பார்த்தான், உரப்பையைப் பார்த்தான், பிறகு சுகந்தனைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தான்.

சிவதர்சினி காரின் கண்ணாடியை இறக்கினாள். அறிவித்தலை இன்னொரு தரம் முழுதாகக் கேட்டாள்.

"போன கிழமை வெள்ளைச் சேட்டும் போட்டுக்கொண்டு போய் ரெக்கோட்டுக்குப் பேசிக் குடுத்தது இதுதானே?" என்றாள். "உங்கட குரல் நல்லா விழுந்திருக்கு."